கடலைச் சிற்றாலையும் செயற்கை நுண்ணறிவும்

நமது கிராமத்தில் விளையும் பொருள் கிராமத்திலேயே பதப்படுத்தப்பட்டு விற்பனைக்குச் செல்லுமாயின், அதனால் வரும் ஆதாயத்தில் ஒரு பங்கேனும் ஊரில் தங்கும். இக்கருத்தைக் கொண்டே, நிலக்கடலை பயிராகும் விழுப்புரம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களில் கடலையை உடைத்துப் பருப்பாக்கியும், தரம் பிரித்தும், எண்ணெய் ஆட்டியும் விற்கும் சிற்றாலைகள் நடைபெற்று வருகின்றன. இத்தகைய ஆலைகளுக்கென இப்பொழுது தானியங்கிக் கருவிகளும், செயற்கை நுண்ணறிவு பொருந்திய கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றை வாங்கினால் ஆளும் வேண்டாம், நஷ்டமும் இல்லை என்று விற்க வருவோர் கூறுவர். அதனை அப்படியே நம்பிவிடுதல் கூடாது. இயந்திரம் என்றாலே பிழைப்பைக் கெடுப்பது என்று ஒதுக்கிவிடுதலும் கூடாது. கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதன் பிழையால் வரும் நஷ்டம் யாரைச் சேரும் என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுதல் வேண்டும்.

தானியங்கி வேறு, நுண்ணறிவு வேறு

நம் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். சில ஊர்களில் தொட்டிக்குள் ஒரு மிதவை பொருத்தியிருப்பர். நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும். நீர் குறைந்தால் மீண்டும் ஓட்டும். இது தானியங்கி. "இவ்வளவு உயர்ந்தால் நிறுத்து" என்று மனிதன் வகுத்த விதியை அது தவறாமல் நிறைவேற்றுகிறதே அன்றி, தானாக எதையும் கற்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு என்பது வேறு வகை. அதற்கு விதியை வரிசையாக எழுதிக் கொடுப்பதற்குப் பதில் மாதிரிகளைக் காட்டுகிறோம். இது நல்ல பருப்பு, இது சொத்தை, இது கல் என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டினால், அவற்றிடையே உள்ள வேற்றுமைகளைக் கணக்கிட்டு, புதிதாக வரும் பருப்பு எவ்வினத்தைச் சேர்ந்தது என்று அது கணிக்கிறது. கணிப்பு என்பதனால் சிற்சில சமயங்களில் பிழையும் நேரும். எந்த மாதிரிகளைக் கொண்டு பழக்கினார்களோ, அவற்றிற்கு ஏற்பவே அதன் திறன் அமையும். வெளிர் ரோஜா நிறத் தோலுடைய பருப்பைக் கொண்டு பழக்கிய கருவியில் செந்நிறத் தோலுடைய வேறு இரகத்தை இட்டால், நல்ல பருப்பையும் அது கெட்டதென்று தள்ளக்கூடும். ஆகவே, கருவி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கள் ஊர் இரகத்தைக் கொண்டு இதனைப் பழக்கியிருக்கிறீர்களா?" என்பதே.

பருப்பைத் தரம் பிரிக்கும் விதம்

ஆலைக்காரர்கள் கலர் சார்ட்டர் என்று வழங்கும் இயந்திரம் அரிசி, பருப்பு, கடலை ஆகியவற்றைப் பிரிக்கப் பயன்படுகிறது. மேலிருந்து அதிரும் தட்டு ஒன்று பருப்பைச் சீராகப் பரப்பிச் சரிவான பாதையில் வழியவிடும். கீழே விழும் ஒவ்வொரு பருப்பையும் இருபுறமும் உள்ள கேமராக்கள் விளக்கொளியில் படம் பிடிக்கும். நிறம் மாறிய பருப்பு தென்பட்டால், இமைப்பொழுதில் ஒரு சிறு குழாய் திறந்து, அழுத்தப்பட்ட காற்று அப்பருப்பை மட்டும் வேறு வழியில் தள்ளிவிடும். பழைய கருவிகளில் நிறத்தின் அளவை மட்டும் ஆள் குறித்து வைப்பார். புதியவற்றில் வடிவத்தையும் வடுவையும்கூட மாதிரிகளிலிருந்து கற்கும் ஏற்பாடு உண்டு. எதுவாயினும், காற்று அழுத்தும் கம்ப்ரசரும், ஏற்ற இறக்கமில்லாத மின்சாரமும், தூசி துடைத்த கண்ணாடியும் இன்றியமையாதவை. கண்ணாடியில் படலம் படிந்தால் எவ்வளவு நுண்ணறிவு இருந்தும் பயனில்லை.

பிழை யார் கணக்கில் சேரும்?

விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இது. கருவியைக் கடுமையாக அமைத்தால் சொத்தையோடு நல்ல பருப்பும் வெளியேறும். தளர்வாக அமைத்தால் சொத்தை உள்ளே தங்கும். இரண்டும் ஒருசேர இல்லாத அமைப்பு அரிது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 1,000 கிலோ பருப்பில் 30 கிலோ சொத்தை உள்ளது. கருவி 60 கிலோவைத் தள்ளுகிறது. அதில் 25 கிலோ சொத்தை. 35 கிலோ நல்ல பருப்பு. மீதி 5 கிலோ சொத்தை தேறிய பருப்பிலேயே தங்கிவிட்டது. ஆலைக்காரர் "கருவி 940 கிலோவைத்தான் ஏற்றது" என்று கூறி அதற்கு மட்டும் விலை கொடுப்பாராயின், அந்த 35 கிலோவின் நஷ்டம் முழுவதும் விளைவித்தவரையே சேரும். கருவி சொன்னது என்பதனால் அது நியாயமாகிவிடாது. தள்ளப்பட்ட பருப்பை விவசாயியின் முன்னிலையில் நிறுத்து, மறுமுறை கருவியில் விட்டோ, கையால் பொறுக்கியோ நல்லதை மீட்டு அவர் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

கருவியைச் சோதிக்கும் வழி எளிது. 10 கிலோ பருப்பைக் கையால் பிரித்து, நல்லதையும் சொத்தையையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். மீண்டும் கலந்து கருவியில் விடுங்கள். இருபுறமும் வந்ததை மறுபடி கையால் பிரித்து நிறுங்கள். எவ்வளவு சொத்தை தங்கிற்று, எவ்வளவு நல்லது வீணாயிற்று என்பது தெளிவாகிவிடும். வாங்குவதற்கு முன் ஒருமுறையும், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், இரகம் மாறும்போதும் இச்சோதனையைச் செய்தல் நலம்.

கேமராவுக்குத் தெரியாத நஞ்சு

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீவனத்தில் சேர்ந்திருந்த கடலைப் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். காய் முற்றும் பருவத்தில் வறட்சி நேர்ந்தாலும், பறித்த காயைச் சரியாக உலர்த்தாமல் குவித்தாலும் இப்பூஞ்சணம் பற்றும். சாதாரணமாகச் சமைப்பதனால் இந்நஞ்சு முற்றும் அழிவதில்லை.

நிறம் மாறிய பருப்பை நீக்கினால் நஞ்சு பெருமளவு குறையும் என்பது உண்மை. ஆனால் கேமரா காண்பது மேற்பரப்பை மட்டுமே. நல்ல நிறமுள்ள பருப்பினுள்ளும் நஞ்சு இருக்கக்கூடும். அதனைப் பரிசோதனைக் கூடத்தில்தான் அறிய முடியும். மேலும், தள்ளப்பட்ட சொத்தையை வீணாக்க மனமின்றிச் செக்கில் இட்டு ஆட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகத் தீயது. சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சின் ஒரு பகுதி கலக்கும். பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அப்புண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் மாற்றுரு வெளிப்படும். கருவி பிரித்துக் கொடுத்த கேட்டை நாமே மீண்டும் உணவில் சேர்த்தால், கருவியால் வந்த பயன் என்ன? காயை ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரப்பதம் வரும்வரை உலர்த்துவதே முதற்காப்பு. அதற்கு ஒரு சிறு ஈரப்பத மானியும் நல்ல உலர்களமும் போதும்.

வாங்குவதா, வாடகையா?

தவணை, மின்சாரம், பழுது, ஆள் எல்லாம் சேர்ந்து மாதம் 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 டன் பிரித்தால் கிலோவுக்கு 2 ரூபாய் செலவு. 5 டன் மட்டும் வந்தால் 8 ரூபாய். இயந்திரம் அதுவேதான்; சரக்கின் அளவே இலாப நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. கடலை வரத்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராது என்பதையும் மறத்தலாகாது. சரக்குக் குறைந்த ஆலைகள் பல சேர்ந்து ஒரு கருவியை வைத்துக்கொள்வதோ, வாடகைக்குப் பிரித்துக்கொள்வதோ அறிவுடைமை. உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கென மத்திய அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில், திட்டச் செலவில் 35 விழுக்காடு, தனி நிறுவனத்திற்கு 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், கடனோடு இணைந்த மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய உதவிகளில் இவ்வாண்டு நடப்பில் உள்ளவை எவை என்பதை வேளாண் வணிக அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கட்ட வேண்டும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே வேண்டாத கருவியை வாங்குவது கடனையே வளர்க்கும்.

பொறுக்கும் வேலை செய்யும் பெண்கள்

பருப்புப் பொறுக்கும் கூலியை நம்பிப் பல குடும்பங்கள் உள்ளன. கருவி வந்தால் இவ்வேலை குறையும் என்பதை மறைப்பதில் பயனில்லை. தள்ளிய பருப்பை மறுமுறை பொறுக்குதல், பொட்டலமிடுதல், கணக்கெழுதுதல், கருவியை இயக்கிப் பராமரித்தல் ஆகியவற்றிற்கு ஆட்கள் தேவைப்படுவர். ஆயினும் முன்பு போல் அத்தனை பேர் தேவைப்படார். ஆகவே கருவியை வாங்குமுன், யார் யாருக்கு எவ்வேலை என்பதை அவர்களோடு அமர்ந்து பேசி முடிவு செய்தல் வேண்டும். பொறுக்கும் பெண்களின் குழுவே கருவிக்கு உரிமையாகுமானால், கூலியில் குறைவது ஆதாயத்தில் அவர்களுக்கே திரும்பி வரும். இது ஆலோசிக்கத்தக்க வழி.

கைப்பேசியில் கிடைக்கும் உதவி

பெருஞ்செலவின்றிக் கைப்பேசியிலேயே சில வசதிகள் உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய பாஷிணி என்னும் ஏற்பாடு இந்திய மொழிகளிடையே பேச்சையும் எழுத்தையும் மொழிபெயர்க்க உதவுகிறது. 2023-இல் விவசாயிகளின் உதவித்தொகை குறித்த ஐயங்களுக்கு விடையளிக்கக் கிசான் இ-மித்ரா என்னும் உரையாடும் கருவி வந்தது. அதனிடம் தமிழிலும் வினவலாம். வேறு கருவிகளைக் கொண்டு, வெளியூர் வியாபாரிக்குக் கடிதம் வரையவும், வரவு செலவைத் தொகுக்கவும், சென்ற ஆண்டுகளின் விற்பனையைக் கண்டு தீபாவளிக்கு எவ்வளவு எண்ணெய் தேவைப்படும் என மதிப்பிடவும் முடியும். ஆனால் நாம் எழுதி வைக்காத கணக்கை எந்த நுண்ணறிவும் அறியாது. நாள்தோறும் வந்த காய், தேறிய பருப்பு, கழிவு, விற்பனை, கடன் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதும் பழக்கமே முதற்படி.

இக்கருவிகள் தவறான விடையையும் தயக்கமின்றிக் கூறும் இயல்புடையவை. மருந்தின் அளவு, சந்தை விலை, விண்ணப்பத்தின் கடைசி நாள் ஆகியவற்றை உரிய அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளாமல் செயலில் இறங்குதல் கூடாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றை எந்த உரையாடும் கருவிக்கும் கொடுத்தல் ஆகாது. பணம் ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிட வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியது

பொது உலர்களம் அமைத்தல், ஆலைக்குச் சீரான மின்சாரம் கிடைக்க முயலுதல், தள்ளிய பருப்பை நிறுத்துக் காட்டும் வழக்கத்தை ஊர் ஒழுங்காக ஏற்படுத்துதல் ஆகியவை பஞ்சாயத்து உறுப்பினர்களால் இயலக்கூடியவை. மேலே கூறிய 10 கிலோ சோதனையைக் கிராம சபை கூடும் நாளில் எல்லோரும் காண ஒருமுறை நடத்திக் காட்டினால், ஆயிரம் சொற்களால் விளங்காதது எளிதில் விளங்கும். கருவி பிரிக்கட்டும்; கணக்குப் போடட்டும். அது பிரித்தது சரிதானா என்று நிறுத்துப் பார்க்கும் தராசு மட்டும் நம் கையில் இருத்தல் வேண்டும்.