காதில் மரம் வளர்த்த நீதிபதி

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்த காலத்தில் எங்களுக்குக் கிருத்திகை என்றால் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர்தான். ஆரவல்லித் தொடர் தேய்ந்து தேய்ந்து தில்லியில் மிச்சம் வைத்த சின்னக் குன்று. அதன்மேல் 1973-இல் கும்பாபிஷேகம் ஆன உத்தர சுவாமிமலை. படியேறி சுவாமிநாதனைச் சேவிப்போம், பிரசாதத்தை வாங்கிக்கொண்டு இறங்குவோம். காலடியில் கிடக்கும் குன்றை யாரும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

பழைய கிரேக்கர்கள் கண்ணுக்கு அந்தக் குன்றே ஓர் ஆளாகத் தெரிந்திருக்கும். சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் ஹெசியட் பாடிய ‘தியோகனி’யில், பூமித்தாய் கையா துணையில்லாமலே முதலில் ஆகாயத்தைப் பெறுகிறாள். அடுத்து மலைகள், பிறகு கடல். மலைகளுக்கு மொத்தமாக ‘ஊரெயா’ என்று பெயர். ஸ்யூஸின் தகப்பன் குரோனஸும் அவள் பிள்ளைதான். ஆனால் பின்னால் பிறந்தவன். ஆக, 2,917 மீட்டர் ஒலிம்பஸில் ஏறி உட்கார்ந்து உலகை ஆளும் ஸ்யூஸுக்கு மலைகள் பெரியப்பா முறை.

பெரியப்பாக்கள் சும்மா இருப்பதில்லை. தனக்ரா ஊர்ப் பெண் கவி கோரின்னாவின் பாட்டு ஒன்று எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏட்டில் பாதியும் குறையுமாக மிஞ்சியிருக்கிறது. அதில் ஹெலிகான், கித்தைரான் என்ற இரு மலைகளுக்குள் பாட்டுப் போட்டி. தேவர்கள் பொற்கலசங்களில் ரகசியமாகக் கல் போட்டு வாக்களிக்கிறார்கள். (தேர்தல் டியூட்டி பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.) கித்தைரான் ஜெயிக்கிறது. ஹெலிகானுக்குத் தாங்கவில்லை, தன் உடம்பிலிருந்தே ஒரு பாறையைப் பெயர்த்து வீச, அது ஆயிரமாயிரம் துண்டாகச் சிதறுகிறது.

ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் திமோலஸ் இதற்கு நேர் எதிர், நிதானஸ்தன். இன்றைய துருக்கியின் மேற்கில் இருக்கும் மலை அது. பான் என்ற தேவனின் குழலுக்கும் அப்பல்லோ தேவனின் யாழுக்கும் போட்டி வந்தபோது நீதிபதியாக உட்கார்ந்து, சரியாகக் கேட்க வேண்டுமே என்று காதை மறைத்த மரங்களை விலக்கிக்கொள்கிறது. தீர்ப்பு அப்பல்லோவுக்கு. மறுத்துப் பேசிய மைதாஸ் ராஜாவுக்குக் கழுதைக் காது முளைத்தது.

ஆனால் பூசை விஷயத்தில் அங்கேயும் நம் கதைதான். உச்சியில் பலி வாங்கிக்கொண்டது பெரும்பாலும் ஸ்யூஸ். ஆர்க்கேடியாவின் லைக்கயான் மலையில் அவருக்கு எரித்த பலிகளின் சாம்பலே மேடாகக் குவிந்திருக்கிறது.

நம்மிடமும் மலை-ஆட்கள் உண்டு. பார்வதிக்கு அப்பா இமவான். அவன் மகன் மைநாகன், மலைகளின் சிறகை வெட்ட வந்த இந்திரனுக்குப் பயந்து கடலில் ஒளிந்தவன். கிரௌஞ்சன் என்ற மலையை வேலால் பிளந்தவரோ நாங்கள் குன்றேறிக் கும்பிடும் அதே முருகன்! திருவண்ணாமலையிலோ மலையே சிவன். பௌர்ணமி தவறாமல் ஜனங்கள் 14 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள்.

என்னைக் கேட்டால், கிரேக்க மலைகளுக்குச் சரியான ஜோடி விந்தியன்தான். சூரியன் மேருவைச் சுற்றுகிறானே, என்னைச் சுற்றவில்லையே என்று பொருமி, வானத்தை மறைக்க வளர்ந்தவன். அகத்தியர் வந்தார். ‘தெற்கே போய்த் திரும்பும்வரை குனிந்திரு’ என்றார். பொதிகையில் தங்கியவர் திரும்பவே இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போபாலைத் தாண்டி விந்தியத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். தமிழ்முனிதான், பெரியவர்தான், ஆனாலும் அவர் செய்தது நியாயமாகப் படவில்லை.