பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் ஆனந்த குமாரசுவாமியும்: ‘தோரியனைட்’ என்ற கறுப்புக் கல்லின் கதை

‘வைதேகி காத்திருந்தாள்’ பெட்ரோமாக்ஸ் லைட் காமெடி ஞாபகம் இருக்கிறதா? அது எப்படி எரிகிறது என்று செந்தில் கேட்பார். கவுண்டமணி மேண்டிலைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே அதைக் கையில் பிடித்து நொறுக்கிவிடுவார். 1984-ல் வந்த படம். இன்றும் மீம் டெம்ப்ளேட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காமெடிக்குள் கொஞ்சம் அணு இயற்பியலும் இருக்கிறது. பழைய மேண்டில்களில் துணி எரிந்துபோன பிறகு மிஞ்சும் வெள்ளை வலை, கிட்டத்தட்ட முழுக்கவே தோரியம் ஆக்சைடு. தொட்டால் உதிரும். ஆனால், அதை உருக்க 3,300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். லேசான கதிரியக்கமும் உண்டு.

இதே தோரியம் ஆக்சைடு இயற்கையில் ஒரு கறுப்புக் கல்லாகக் கிடைக்கிறது. கூடவே கணிசமான யுரேனியத்தையும் சுமந்துகொண்டு. அதன் பெயர் தோரியனைட். இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட இடம் இலங்கை. அதை உலகின் கவனத்துக்குக் கொண்டுபோனவர், நடராஜர் சிலை பற்றி யார் பேசினாலும் பெயர் வந்துவிடும் ஆனந்த குமாரசுவாமி. ஆமாம், அவரேதான்!

கலை அறிஞருக்குக் கல்லோடு என்ன வேலை?

‘தி டான்ஸ் ஆஃப் சிவா’ நூலாசிரியர், பாஸ்டன் அருங்காட்சியகத்தின் இந்தியக் கலைப் பிரிவை வளர்த்தவர் என்றுதான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால், அவர் படித்தது நிலவியல்.

1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். தாய் எலிசபெத், ஆங்கிலேயர். இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நிலவியலும் தாவரவியலும் படித்தார். 1903-ல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது 25-க்குச் சற்று மேல். இன்றைய கணக்கில், வேலைக்குச் சேர்ந்து சில வருடமே ஆன ஒரு இளைஞர்.

சப்ரகமுவ மாகாணத்தின் பலாங்கொடை பகுதி மாணிக்கக் கற்களுக்குப் பேர்போனது. அங்கே மாணிக்கம் தேடுபவர்கள் சரளையைக் கூடையில் போட்டு அலசும்போது, நீலக்கல், சிர்கான் ஆகியவற்றோடு கனமான சின்னச் சின்னக் கறுப்புக் கற்களும் அடியில் தங்கின. சில துண்டுகள் கச்சிதமான கனசதுரம். பகடைக்காய் மாதிரி.

அவை யுரேனினைட்டாக இருக்கும் என்று நினைத்தார் குமாரசுவாமி. யுரேனினைட் என்பது யுரேனியம் ஆக்சைடு. மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைப் பிரித்தெடுத்தது அதன் ஒரு வகையான பிட்ச்பிளெண்ட் தாதுவிலிருந்துதான். கறுப்பு, கனம், கனசதுரம் என எல்லாமே பொருந்தியதால், அந்த யூகத்தில் தப்பே சொல்ல முடியாது. மாதிரிகள் லண்டனுக்குப் போயின. அங்கே இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் விண்டம் டன்ஸ்டன் 1904-ல் பகுப்பாய்வு செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கல்லில் சுமார் முக்கால் பங்கு தோரியம் ஆக்சைடு! யுரேனியம் ஆக்சைடு பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். புதிய கனிமம் என்பது உறுதியாகி, தோரியனைட் என்று பெயர் வைக்கப்பட்டது.

ஏன் அவ்வளவு பரபரப்பு? அப்போது ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் கேஸ் விளக்கில்தான் ஒளிர்ந்தன. அந்த விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். அதாவது, அந்தக் காலத்து ‘லித்தியம்’ இது!

யுரேனியம் உள்ளே எப்படி வந்தது?

தோரியனைட்டில் ஒரு தோரியம் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். யுரேனினைட்டில் தோரியத்தின் இடத்தில் யுரேனியம். இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே. இரண்டு அணுக்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றே. அதனால், ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று சுலபமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே, இவை இரண்டு தனித்தனிக் கனிமங்கள் என்பதைவிட ஒரே கோட்டின் இரண்டு முனைகள் எனலாம். தோரியம் அதிகமென்றால் தோரியனைட், யுரேனியம் அதிகமென்றால் யுரேனினைட். இலங்கை மாதிரிகள் சிலவற்றில் யுரேனியம் ஆக்சைடு 30 சதவீதம் வரைகூடப் போகிறது.

சுருக்கமாக, கல்லின் பயோடேட்டா:

* நிறம்: கறுப்பு அல்லது கரும்பழுப்பு
* வடிவம்: பெரும்பாலும் கனசதுரம்
* கடினம்: மோஸ் அளவுகோலில் 6.5 முதல் 7 வரை, கிட்டத்தட்ட குவார்ட்ஸ் அளவுக்கு
* கனம்: தண்ணீரைப் போல 9 மடங்குக்கு மேல். இரும்பே சுமார் 7.9 மடங்குதான்
* கதிரியக்கம்: வலுவானது

ஆற்றுச் சரளையில் ஏன் கிடைக்கிறது?

தோரியனைட் பிறந்தது ஆற்றில் இல்லை. பூமிக்கடியில், பெக்மடைட் எனப்படும் பெரும்பரல் பாறைகளில். அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் சிதைய, ஆறு அதை அடித்துக்கொண்டு வருகிறது. லேசான மணல் போய்விடும், கனமானது அடியில் தங்கிவிடும். அரிசி களையும்போது கல் அடியில் நிற்கிற அதே கணக்கு.

ஆனால், கனம் மட்டுமே காரணம் என்றால் யுரேனினைட்டும் ஆற்றில் குவிந்திருக்க வேண்டுமே? பொதுவாக அப்படிக் குவிவதில்லை. காரணம் ஆக்சிஜன். காற்றும் தண்ணீரும் பட்டால் யுரேனியம் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாறிவிடும். தோரியத்துக்கு அந்த வழியே கிடையாது. அது கரையாமல் பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் தோரியம் மிகுந்த கல், மாணிக்கச் சரளை வரை பத்திரமாக வந்து சேர்ந்தது.

இதே பாணியில் யுரேனியம் மிகுந்த பகுதிகள் தெற்கு மடகாஸ்கரில் கிடைத்தன. 1950-களில் பிரான்ஸின் அணுசக்தி ஆணையம் அங்கே தோண்டி எடுத்தது. இது தற்செயல் இல்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர் மூன்றும் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தன. அதை உருவாக்கிய மோதலும் வெப்பமும்தான் இந்தப் பாறைகளைச் சமைத்தன.

கல்லுக்குள் கேஸ்!

தோரியம் அணு சிதையும்போது ஆல்ஃபா துகள்களை வெளியே தள்ளும். ஆல்ஃபா துகள் என்பது வேறொன்றுமில்லை, ஹீலியம் அணுவின் உட்கருதான். ஒரு தோரியம் அணு கடைசியில் ஈயமாக மாறுவதற்குள் 6 ஹீலியம் பிறந்துவிடும். யுரேனியம்-238 என்றால் 8.

இந்த ஹீலியம் கல்லுக்குள்ளேயே சிறைப்படும். ஒரு கிராம் தோரியனைட்டைச் சூடாக்கினால் சுமார் 9 மில்லி லிட்டர் ஹீலியம் வெளிவரும் என்று அன்றைய அளவீடுகள் காட்டின. ஒரு கிராம் கல்லின் கன அளவு 0.1 மில்லி லிட்டர்தான். தன் அளவைப் போல 80, 90 மடங்கு வாயுவை வயிற்றுக்குள் அடக்கி வைத்திருக்கிறது!

அப்படியென்றால், உள்ளே எவ்வளவு ஹீலியம் இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு உருவாகிறது என்று தெரிந்தால் கல்லின் வயதைச் சொல்லிவிடலாம் இல்லையா? ஆங்கிலேய இயற்பியலாளர் ராபர்ட் ஸ்ட்ரட் அதைத்தான் செய்தார். 1910 வாக்கில், இலங்கைத் தோரியனைட்டின் வயது 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்.

இதில் என்ன பெரிய விஷயம்? அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், பூமியின் வயதே 2 முதல் 4 கோடி ஆண்டுகளுக்குள்தான் என்று கெல்வின் பிரபு சொல்லியிருந்தார். அன்றைய அறிவியலில் மிகப் பெரிய பெயர் அவர். ஆனால், சப்ரகமுவ சரளையில் கிடந்த ஒரு கல்லே அந்தக் கணக்கை விடப் பல மடங்கு மூத்தது. அதுவும் ஸ்ட்ரட்டின் எண் குறைந்தபட்ச வயதுதான், ஏனென்றால் ஹீலியத்தில் ஒரு பகுதி காலப்போக்கில் கசிந்துவிடும்.

பேரியத்தில் தொடங்கி, பேரியத்தில் முடிந்த கதை

1904-ல் ஓட்டோ ஹான் என்ற 25 வயது ஜெர்மானியர் லண்டன் வந்தார். நோக்கம் சிம்பிள்: இங்கிலீஷ் கற்றுக்கொண்டால் கெமிக்கல் கம்பெனியில் வேலை கிடைக்கும். யூனிவர்சிட்டி காலேஜில் சர் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ராம்சே இலங்கையிலிருந்து தோரியனைட்டை வரவழைத்திருந்தார். அதிலிருந்து பெறப்பட்ட சுமார் 100 கிராம் பேரியம் உப்பை ஹானிடம் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தைப் பிரித்துக்காட்டு என்றார்.

இது லேசான வேலை இல்லை. ரேடியமும் பேரியமும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசை. குணம் அவ்வளவு ஒத்துப்போகும். கதிரியக்கம் பற்றி எதுவுமே தெரியாத ஹான் உட்கார்ந்து பிரித்தார். ரேடியத்தோடு, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு கதிரியக்கப் பொருளும் வந்தது. 1905-ல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இன்று அதைத் தோரியம்-228 என்கிறோம்.

கம்பெனி வேலைக் கனவு அங்கேயே முடிந்தது. ராம்சே ஊக்கப்படுத்த, ஹான் கதிரியக்க வேதியியலுக்குத் தாவினார். மாண்ட்ரியலில் ரூதர்ஃபோர்டிடம் போனார். பிறகு பெர்லின். 1907 முதல் இயற்பியலாளர் லிஸா மைட்னரோடு கூட்டு ஆய்வு.

இப்போது 1938 டிசம்பருக்கு வருவோம். யூதப் பின்னணி கொண்ட மைட்னர் அந்த ஜூலையிலேயே நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஓடியிருந்தார். ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினார்கள். உருவான பொருள் ரேடியம் என்று நினைத்து, பேரியத்திலிருந்து அதைப் பிரிக்கப் பார்த்தார்கள். 34 வருடங்களுக்கு முன் லண்டனில் ஹான் கற்றுக்கொண்ட அதே வேலை. ஆனால், இந்த முறை பிரியவே இல்லை. ஏனென்றால் அது ரேடியமே இல்லை, பேரியம்! யுரேனியம் அணு இரண்டாக உடைந்திருந்தது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று இயற்பியல் விளக்கம் கொடுத்தவர்கள் மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃப்ரிஷும். வேதியியலுக்கான 1944-ம் ஆண்டு நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது இன்றுவரை தீராத சர்ச்சை.

இலங்கைக் கல் இல்லையென்றால் அணுப்பிளவே கண்டுபிடிக்கப்பட்டிருக்காது என்று சொல்லிவிட முடியாது. பல நாடுகளில் பலர் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால், ஹானை அந்தப் பாதைக்குத் திருப்பியது இந்தக் கல்தான்.

கையில் எடுத்தால் ஆபத்தா?

ஒரு சின்னத் துண்டைச் சில நிமிடம் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஆல்ஃபா துகளைத் தோலே தடுத்துவிடும். பிரச்சினை மூன்று இடங்களில்:

* தூசி: கல்லை உடைத்து, அரைத்து, அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் ஆல்ஃபா துகள் உடலுக்குள்ளேயே வேலை செய்யும்.
* வாயு: சிதைவின் வழியில் ரேடான் வாயு பிறக்கும். மூடிய அறை, மூடிய பெட்டி கூடாது.
* காமா கதிர்: இது தோலைத் தாண்டி ஊடுருவும். படுக்கையறை ஷெல்ஃபிலோ, பர்ஸிலோ வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை இது.

ராசிக்கல், எனர்ஜி ஸ்டோன் என்று யாராவது விற்றால் தள்ளிப்போய்விடுங்கள். இந்தியாவில் யுரேனியமும் தோரியமும் சட்டக் கட்டுப்பாட்டில் வருபவை.

நம்ம ஊர் தோரியம் வேறா?

வேறுதான். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கத் தொடங்கினார்கள். அன்றைய திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். இதற்கும் காரணம் அதே மேண்டில்தான்.

மோனசைட் ஆக்சைடு இல்லை, பாஸ்பேட். அதில் தோரியம் ஆக்சைடு பத்து சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால், அளவில் கடற்கரை மணல் பெரிது. பெரிய அளவில் கிடைத்ததும் தோரியனைட்டின் வணிக மவுசு குறைந்தது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கருத்தையும் இங்கே சரிசெய்துவிடலாம். தோரியத்தை அள்ளி அப்படியே உலையில் போட்டால் கரன்ட் வராது. இயற்கைத் தோரியம் ஒரு நியூட்ரானை வாங்கி, யுரேனியம்-233 ஆக மாறினால்தான் எரிபொருள். அந்த யுரேனியம்-233-ல் இயங்கும் ‘காமினி’ என்ற சிறிய ஆராய்ச்சி உலை கல்பாக்கத்தில் இருக்கிறது. கூடங்குளம் உலைகளில் இருப்பது யுரேனியம் ஆக்சைடு. அதன் படிக அமைப்பு தோரியனைட்டின் அதே அமைப்புதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் கதிரியக்கத்தால் அடிவாங்கியும் தோரியனைட் படிகம் குலையாமல் நிற்கிறது. சிர்கான் போன்றவை அந்த அடியில் உருக்குலைந்துவிடும். எரிபொருளுக்கு இந்த அமைப்பு ஒத்துவருவதற்கு அந்த உறுதியும் ஒரு காரணம்.

பிறகு குமாரசுவாமி?

கனிமம் தேடி ஊர் ஊராகப் போனபோது, நசிந்துகொண்டிருந்த கிராமத்துக் கைவினைகளை அவர் பார்த்தார். அந்தக் கவலை அவரைக் கலை பக்கம் இழுத்தது. 1906-ல் லண்டன் பல்கலைக்கழகம் அவருடைய நிலவியல் பணிக்காக டாக்டர் பட்டம் கொடுத்தது. அடுத்த இரண்டே வருடத்தில், 1908-ல், இலங்கைக் கைவினைகள் பற்றிய பெரிய நூல் வெளிவந்தது. அதோடு கல் அவர் வாழ்க்கையிலிருந்து விலகியது.

கல் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. தோரியம்-232 பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். பலாங்கொடை சரளையில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு கறுப்புத் துண்டில், 55 கோடி ஆண்டுகள் போயும், தோரியத்தில் 3 சதவீதம்கூடத் தீரவில்லை.