'ப' வடிவில் பெஞ்ச் போட்டால் போதுமா?

'இனி மாப்பிள்ளை பெஞ்சே கிடையாதா?' என்று 2025 ஜூலையில் தமிழகமெங்கும் பேச்சு. 2024-இல் வெளியான 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்து, கேரளப் பள்ளிகள் சில 'ப' வடிவில் இருக்கைகளை மாற்றின. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையும் அப்படியே அமைக்கச் சொன்னது. 'பிள்ளைங்களுக்குக் கழுத்து வலிக்காதா?' என்று எதிர்ப்பு கிளம்ப, திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

உட்காரும் இடம் அவ்வளவு முக்கியமா?

ஆமாம். முன்வரிசையிலும் நடுவரிசையிலும் இருப்பவர்களிடமே ஆசிரியர்கள் அதிகம் பேசுகிறார்கள் என்று 1970-இல் ஆடம்ஸ், பிடில் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். நம் பள்ளிகளில் உயர வரிசைப்படி உட்கார வைப்பது வழக்கம். அதனால் உயரமான பிள்ளை வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சிலேயே இருக்க வேண்டியதுதான்.

எந்த வடிவம் நல்லது?

பாடத்தைப் பொறுத்தது. ஜெர்மனியில் 4-ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஆய்வில் (1999), வரிசையைவிட அரைவட்டத்தில் உட்கார்ந்தபோது பிள்ளைகள் அதிகக் கேள்வி கேட்டனர். ஆனால் தனியாகக் கணக்குப் போடவோ எழுதவோ வரிசைதான் உதவுகிறது. கவனம் சிதறுவது குறைவு.

'ப' வடிவில் என்ன சிக்கல்?

முதலில் இடம். 20-க்கு 20 அடி அறையில், ஒரு பிள்ளைக்கு 2 அடி என்றாலும், சுவரோரம் சுமார் 25 பேர்தான் உட்கார முடியும். 40 பேர் இருந்தால் பின்னால் இன்னொரு வரிசை வேண்டும். மாப்பிள்ளை பெஞ்ச் திரும்பி வந்துவிடும்! இரண்டாவது, பக்கவாட்டில் இருப்பவர்கள் கரும்பலகைக்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பெஞ்சைச் சற்றுச் சாய்த்துப் போட்டால் இது குறையும்.

செலவில்லாமல் என்ன செய்யலாம்?

* வாரம் ஒருமுறை இடத்தை மாற்றலாம். உயரமானவர்கள் முன்னால் வரும் வாரத்தில் சுவரோரம் உட்கார்ந்தால் யாருக்கும் மறைக்காது.
* கலந்துரையாடல் நேரத்தில் மட்டும் பெஞ்சுகளைத் திருப்பலாம்.
* ஆசிரியர் கடைசி பெஞ்ச் வரை நடந்துபோக வழி விடலாம்.

ஆனால், பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளைகளைச் சுழற்சியில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு எப்போதும் முன்னிடம்தான். 'போர்டு சரியா தெரியல' என்று பிள்ளை சொன்னால், இடத்தை மாற்றுவதோடு கண் பரிசோதனையும் அவசியம். பல பிள்ளைகள் அதைச் சொல்வதே இல்லை. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும்.