புயலறியாத கடலில் ஒரு புயல்

பிரேசில் தேசத்தின் தென்பகுதியில் சாந்தா கத்தரினா மாநிலத்தின் கரையைத் தழுவிக் கிடக்கும் தென் அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஹரிகேன் என்று சொல்லப்படும் உக்கிரமான சுழற்புயல் தோன்றுவதில்லை என்பது வானிலை சாஸ்திரிகளின் நெடுநாளைய நம்பிக்கையாக இருந்தது. அதற்குத் தக்க காரணங்களும் இருந்தன. அத்தகைய புயல் உருவாகக் கடல்நீர் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியஸ் உஷ்ணமேனும் கொண்டிருக்க வேண்டும்; மேலே வீசும் காற்றும் கீழே வீசும் காற்றும் வேகத்திலும் திசையிலும் அதிகம் மாறுபடாதிருக்க வேண்டும். இவ்விரண்டும் அந்தக் கடலில் ஒருங்கே கூடுவது அபூர்வம்.

2004 மார்ச் மாதத்தில், கரையிலிருந்து கிழக்கே நகர்ந்துகொண்டிருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு, வழக்கப்படி சமுத்திரத்தின் நடுவே சென்று கரைந்துபோகாமல், உயரழுத்தப் பிரதேசமொன்று குறுக்கே நின்று தடுத்ததனால் தயங்கி நின்று, வந்த வழியே மேற்கு நோக்கித் திரும்பிற்று. கடலின் உஷ்ணம் சுமார் 25 பாகைதான். ஆயினும் மேல் வாயுமண்டலம் மிகவும் குளிர்ந்திருந்தபடியால், கீழிருந்து எழுந்த ஈரக்காற்று ஓங்கி உயர்ந்து முகில்களாய்த் திரண்டது. முதலில் அது துணை வெப்பமண்டலப் புயலாக இருந்தது. மேலே குளிர்ந்த காற்றையும் கீழே கடலின் வெப்பத்தையும் ஒருசேர ஆதாரமாகக் கொண்டு, பலத்த காற்று மையத்தை விட்டு எட்டியே வீசும் இடைநிலைப் புயல் அது. பின்னர் நடுப்பாகம் வெப்பமடைந்து, காற்று உள்ளே நெருங்கிச் சுழலலாயிற்று.

அந்த மாறுதலைக் காட்டிக்கொடுத்தவை செயற்கைக்கோள் படங்களே. வெண்மேகங்கள் தென்கோளத்தின் இயல்புப்படி வலஞ்சுழியாய்ச் சூழ்ந்திருக்க, நடுவில் புயலின் கண் கருத்து வட்டமாய்த் திறந்திருந்தது. அது ஹரிகேன்தானா என்பதில் நிபுணர்களிடையே அபிப்பிராய பேதம் இருந்தபோதிலும், கரையோர ஜனங்களுக்கு எச்சரிக்கை போயிற்று. மார்ச் 28-ஆம் தேதி விடியுமுன் புயல் கரையேறியது. ஏறத்தாழ 1,500 வீடுகள் இடிந்தன. சுமார் 40,000 வீடுகள் சேதமுற்றன. வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் பாழாயின. மனித உயிர்களும் பலியாயின. அந்தக் கடலின் புயல்களுக்குப் பெயர்ப்பட்டியலே இல்லாதிருந்தமையால், அது தாக்கிய மாநிலத்தின் பெயரால் கத்தரினா என்றே வழங்கலாயிற்று. தென் அட்லாண்டிக்கில் பதிவான முதல் ஹரிகேன் அதுவே.

பிற்பாடு பிரேசில் கடற்படை இத்தகைய புயல்களுக்குப் பெயர் சூட்டத் தொடங்கி, 2011 மார்ச்சில் தோன்றிய துணை வெப்பமண்டலப் புயலுக்கு அரானி என்று பெயரிட்டது. புயல் ஒன்று உருவாகிவரும்போது அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற சர்ச்சை நியாயமானதுதான். சாஸ்திரம் வளர்வதும் அதனாலேதான். ஆனால் சர்ச்சை தீர்ந்த பிறகே எச்சரிப்பது என்று காத்திருந்தால், மீனவன் கடலிலும் குடியானவன் கூரைக்கடியிலும் ஒன்றுமறியாமல் இருந்துவிடுவார்கள். இதுவரை நேர்ந்ததில்லை என்ற பழைய ஏட்டைவிட, இப்போது கண்ணெதிரே திரண்டுவரும் மேகத்துக்கு அதிக மதிப்புக் கொடுப்பதே வானிலை நோக்குவோரின் முதற்கடமை.