முக்கால் கட்டை ஏறிய பாட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு பாட்டு மரபுகள் அக்கம்பக்கத்திலேயே வளர்ந்தன. ஒன்று, ஹார்மோனியமும் தபலாவும் சூழ விடிய விடிய நடக்கும் மெஹ்ஃபில். மெஹபூபும் (1926–1981) அவருக்குப் பின் கஜல் பாடகர் உம்பாயியும் அந்த மண்ணின் குரல்கள். மற்றொன்று, 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் நிற்கும் ஜூ டவுன் பக்கத்தது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடிய பாட்டுகள் அவை. 1948-க்குப் பிறகு அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கையெழுத்து நோட்டுகளில் பாட்டின் சொற்கள் இருக்கின்றன, சுரக்குறிப்பு இல்லை. மெட்டு பாட்டிமார் நினைவிலும் டேப்பிலும்தான் தங்கியது. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-இல் இப்பாட்டுகளைக் குறுந்தகடாக வெளியிட்டது. இந்த இரண்டு மரபுகளின் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது வேகம் பிசகினால், மெஹ்ஃபிலில் பிசகு பிடிபடும்; பெண்களின் பாட்டில் பெரும்பாலும் பிடிபடாது. அதனால்தான் வேகத்தைத் திருத்தும் வேலையைக் காதை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது என்கிறேன். சாட்சியைப் பதிவுக்குள்ளேயே தேட வேண்டும்.

பிசகு எங்கிருந்து வருகிறது? இசைப் பதிவில் கணினி பொதுவாக ஒரு வினாடி ஒலியை 44,100 துண்டுகளாக எடுத்து வைக்கிறது. வீடியோ உலகத்தில் 48,000. கோப்பின் தலைப்பகுதியில் அந்த எண் எழுதியிருக்கும். 44,100-இல் பதிந்த கோப்பில் 48,000 என்று தவறாக எழுதிவிட்டால், 30 நிமிடம் ஓடவேண்டிய கேசட் பக்கம் 27 நிமிடம் 34 வினாடியில் முடிந்துவிடும். சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம், நம் பாடகர்கள் கணக்கில் முக்கால் கட்டை ஏறும். ஹார்மோனியம் உள்ள பதிவில் இது உடனே காட்டிக்கொடுக்கும். சரியாகச் சுருதி சேர்த்த இன்னொரு ஹார்மோனியத்தை எடுத்து வாசித்துப் பார்த்தால், பதிவின் சுரம் எந்தக் கட்டையிலும் உட்காராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கும். பக்கவாத்தியம் இல்லாத பெண் குரலுக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடையாது. பாடியவர் கொஞ்சம் இளையவர், கொஞ்சம் அவசரக்காரர் என்று நினைத்துக்கொண்டு கேட்டுவிடுவோம்.

இங்கே கைகொடுப்பது யாரும் விரும்பாத ஓர் ஓசை: மின்சார இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்னிணைப்பில் ஓடிய கருவிகள் பலவும் அந்த 'ம்ம்ம்' ஓசையைப் பதிவில் லேசாகச் சேர்த்துவிடும். ஒலியின் அலைவெண்களை வரைந்து காட்டும் அலைமாலைப் படத்தில் அது படுக்கைக் கோடாகத் தெரியும். அன்று பதிந்தபோது விழுந்த கோடு ஒன்று, இன்று கணினிக்கு மாற்றியபோது விழுந்த கோடு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே 54.4 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருந்தால் தவறு கோப்பின் எண்ணில்தான். எண்ணை மாற்றி எழுதினால் போதும், ஒலியில் ஒரு துண்டைக்கூடத் தொட வேண்டாம். புதிய கோடு 50-இல் அசையாமல் நிற்க, பழையது மட்டும் விலகியிருந்தால் கோளாறு டேப் ஓடிய வேகத்தில். கேசட்டுக்கு வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்பது விதி. ஆனால் தேய்ந்த பெல்ட்டுக்கும் தளர்ந்த பாட்டரிக்கும் விதி தெரியாது. பாட்டரி இறங்க இறங்கப் பதிந்த டேப், நல்ல கருவியில் போட்டால் கடைசிப் பாட்டுக்கு வரும்போது மெல்ல மெல்ல வேகமெடுக்கும். இதற்கு ஒரே எண்ணால் திருத்தம் கிடையாது.

இந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும். தென்மாநில மின்தொகுப்பில் அலைவெண்ணை ஒட்டிய கட்டணமுறை 2003 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் பற்றாக்குறை நேரங்களில் 50 என்பது பெயரளவுக்குத்தான். கீழே இறங்கிக் கிடக்கும். அன்று 48.5-இல் விழுந்த இரைச்சலை இன்று 50-க்கு இழுத்தால், சரியாக இருந்த பாட்டை மூன்று சதவீதம் கெடுத்தவர்களாவோம். ஆகவே 44,100-ஐ 48,000 என்று எழுதியதால் வரும் 8.8 சதவீதப் பிழையைக் காட்ட இரைச்சல் போதும். ஒன்றிரண்டு சதவீதத்தைச் செதுக்க அதை நம்பக் கூடாது.

வேகம் மாறினாலும் சுரங்களுக்கிடையே உள்ள தூரம் மாறாதே, மெட்டு பிழைத்துவிடுமே, பிறகென்ன என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது, மெட்டு பிழைக்கும். பாடியவரின் வயது, மூச்சு, நடை மூன்றும் போய்விடும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு இசைத்தட்டு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கம் சற்றே வேகமாக, சுருதி தூக்கி ஒலித்தது. 1992-இல்தான் திருத்தப்பட்ட பதிப்பு வந்தது. அவ்வளவு பேர் உன்னிப்பாகக் கேட்ட தட்டுக்கே அந்த கதி.

மென்பொருளில் சுருதியை மட்டும் இறக்கினால் ஆகாதா என்பார்கள். ஆகாது. வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறியவை, சேர்ந்தே இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கினால் குரல் சிதையும், பாட்டின் நீளமும் தவறாகவே நிற்கும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வேகம், சுருதி, நடை என்று மூன்று தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. இந்த வேலைக்கு முதலாவதுதான், அதுவும் கோப்பின் எண் சரி என்று உறுதியான பிறகுதான். டேப்பிலிருந்து இறங்கிய முதல் கோப்பு, வேகம் தவறியிருந்தாலும், அப்படியே தனியாக இருக்கட்டும். திருத்திய பிரதியோடு எத்தனை சதவீதம், எந்தச் சாட்சியை நம்பி என்று ஒரு வரி எழுதி வைத்தால், நாளை மெட்டு தெரிந்த ஒருவர் வந்து மறுத்தால் வேலையை முதலிலிருந்து தொடங்கலாம்.