தங்க நாணயம் வாங்கும் முன்...

அட்சய திருதியை, தீபாவளி என்றால் நம் வணிகர்கள் தங்க, வெள்ளி நாணயங்கள் வாங்குவது வழக்கம். வீட்டுக்கும் வாங்குகிறோம், ஊழியர்களுக்கும் கொடுக்கிறோம். ஆனால் சரக்கு வாங்கும்போது காட்டும் கவனத்தை இதில் காட்டுகிறோமா?

'எத்தனை சவரன்?' என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லே 'சாவரின்' என்ற இங்கிலாந்து நாணயத்தின் பெயர்தான். அது 22 காரட், எடை 7.98 கிராம். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். 1918-ல் பம்பாயிலும் அது அச்சடிக்கப்பட்டது. நம் கடைத்தெருவில் 8 கிராம் ஒரு சவரன் என்று நிலைத்துவிட்டது.

முதலீட்டுக்கென்றே வெளியான நாணயங்களில் முன்னோடி, 1967-ல் வந்த தென்னாப்பிரிக்காவின் குரூகராண்ட். அதன் மொத்த எடை 33.93 கிராம். செம்பு கலந்திருந்தாலும் உள்ளே ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம் உண்டு. 1979-ல் கனடாவின் மேப்பிள் லீஃப், 1986-ல் அமெரிக்காவின் ஈகிள் வந்தன. ஒரு அவுன்ஸ் ஈகிள் தங்க நாணயத்தில் 50 டாலர் என்றும், வெள்ளி நாணயத்தில் 1 டாலர் என்றும் பொறித்திருக்கும். அது பெயருக்குத்தான், விலை போவது உலோகத்தின் மதிப்புக்கே. நம் நாட்டிலும் 2015-ல் அசோகச் சக்கரம் பொறித்த 24 காரட் இந்திய தங்க நாணயம் வெளியானது.

சேகரிப்போருக்கென்று தயாராகும் நாணயங்கள் வேறு வகை. கண்ணாடி போன்ற பளபளப்பு, அழகிய பெட்டி, சான்றிதழ் எல்லாம் உண்டு, விலையும் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் திரும்ப வரவேண்டுமானால், அதை விரும்பும் இன்னொரு சேகரிப்பாளர் கிடைக்க வேண்டும்.

இதில் நாமே ஏமாந்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பெட்டியோடு வெள்ளி நாணயங்கள் வாங்கினோம். கொள்முதலுக்குப் பணம் தேவைப்பட்டு விற்கப் போனபோது, கடைக்காரர் பெட்டியை ஒதுக்கிவிட்டு நாணயங்களை மட்டும் தராசில் வைத்தார். கொடுத்ததில் பாதிதான் தேறியது. குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை அரிசி வாங்காத நாம், அன்று பெட்டியைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே வாங்கும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். சுத்தம் எவ்வளவு? எடை எவ்வளவு? அன்றைய விலைக்கு மேல் எவ்வளவு வைக்கிறார்கள்? திரும்ப எடுத்துக்கொள்வார்களா, என்ன விலைக்கு? ரசீது கட்டாயம் வாங்குங்கள். 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் விற்கும்போது திரும்ப வராது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

விற்கும் விலையை விசாரித்துவிட்டு வாங்குவதே வியாபாரிக்கு அழகு.