கட்டியில் இல்லாத கிருமி

இரைப்பைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த நோயைத் தொடங்கிவைத்த பாக்டீரியா பெரும்பாலும் அதில் அகப்படாது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே உள்ளே வந்து குடியேறியது அது. தான் கெடுத்த இடம் தனக்கே ஒவ்வாமல் போனதும் குறைந்து, அங்கிருந்து மறைந்தும்விட்டது. இல்லாத கிருமி எப்படிப் புற்றுநோயை விட்டுச் செல்கிறது?

கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் அதைக் கண்டறிந்ததும், 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்துப் பார்த்ததும், 2005இல் நோபல் பரிசு வந்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அது அல்சர் என்ற இரைப்பைப் புண்ணுக்கு இந்தக் கிருமி காரணம் என்று தெரிந்த கதை. புற்றுநோயின் கதை வேறு. ஒரு செல்லுக்குள் நுழைந்து பார்த்தால்தான் அது புரியும்.

உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் இரைப்பையில் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிக்கொள்கிறது. இரைப்பை அமிலத்தில் மற்ற பாக்டீரியாக்கள் மடிந்துபோகும். இதுவோ யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து, அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. திருகாணி போன்ற உடலால் சளிப்படலத்தைத் துளைத்துப்போய், இரைப்பைச் சுவரின் செல்களை ஒட்டிக்கொண்டு வாழ்கிறது.

வீரியம் மிக்க வகைகளிடம் நுண்ணிய ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதன் வழியாக ‘கேக்-ஏ’ என்ற புரதத்தை அவை நம் செல்லுக்குள் செலுத்துகின்றன. உள்ளே போன புரதத்தின் மீது நம் செல்லின் நொதிகளே பாஸ்பேட்டை ஒட்டி அதை முடுக்கிவிடுகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மசனோரி ஹத்தகெயாமாவின் குழு 2002இல் அடுத்த கண்ணியைக் கண்டுபிடித்தது. பாஸ்பேட் ஏறிய கேக்-ஏ, ‘ஷிப்-2’ என்ற நம் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘வளர், பெருகு’ என்ற கட்டளையைச் செல்லுக்குள் கடத்துவதில் ஷிப்-2க்குப் பங்கு உண்டு. கேக்-ஏ பிடித்துக்கொண்டபின், மூட முடியாத குழாயைப் போல அந்தக் கட்டளை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதோடு நிற்பதில்லை. பக்கத்துச் செல்லோடு இறுகப் பிணைந்து, மேல் எது கீழ் எது என்று அறிந்து வரிசையில் நிற்கும் ஒழுங்கையும் செல் இழக்கிறது. ஆய்வகத் தட்டில் அந்தச் செல்கள் நீண்டு மெலிந்து, அடையாளம் தெரியாதபடி உருமாறிவிடுகின்றன.

புரதம் மட்டுமே இதற்குப் போதுமா? 2008இல் அதே குழு கேக்-ஏ மரபணுவை எலிகளுக்குள் வைத்துப் பார்த்தது. கிருமி இல்லை, தொற்று இல்லை, அழற்சி இல்லை. அப்படியிருந்தும் அவற்றில் சில எலிகளுக்கு இரைப்பை, குடல், இரத்தப் புற்றுநோய்கள் வந்தன. பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய கேக்-ஏயைப் பெற்ற எலிகளுக்கு வரவில்லை. ஒரு பாக்டீரியாவின் புரதம் பாலூட்டி உடலில் நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முதன்முதலாக நிறுவிய சோதனை இது. செல் உயிரியலில் இவ்வளவு தெளிவான விடையைத் தந்த சோதனைகள் குறைவு என்பேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்துவிடும். உதிரும் செல்லைக் கெடுத்து என்ன பயன்? ஸ்டான்ஃபோர்டின் மனுவேல் அமியேவாவும் அவரோடு உழைத்தவர்களும் 2015இல் காட்டியது இங்கே பொருந்துகிறது: கிருமிகளில் ஒரு பகுதி சுரப்பிகளின் ஆழத்தில், ஸ்டெம்செல்களுக்கு அருகிலேயே கூட்டமாக வாழ்கிறது. புதிய செல்கள் பிறக்கும் இடமே அதுதான்.

இதற்கிடையே நம் உடலும் சும்மா இருப்பதில்லை. வெள்ளையணுக்கள் திரண்டு வந்து நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பொழிகின்றன. கிருமி அழிவதில்லை, நம் டிஎன்ஏ சேதமாகிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சியில் அமிலச் சுரப்பிகள் மெலிகின்றன. அந்த இடத்தில் குடற்சுவரைப் போன்ற செல்கள் முளைக்கின்றன. பிறகு செல்களின் அமைப்பு சிதைந்து, கடைசியில் சிலருக்குப் புற்றுநோய் வருகிறது. இந்தப் படிவரிசையை வகுத்தவர் கொலம்பியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பெலாயோ கொரேயா. அமிலம் வற்றி, குடல் போல மாறிவிட்ட அந்தச் சுவரில் கிருமியால் வாழ முடியாது. கட்டியில் அது இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாருக்கும் இந்த முடிவு வருவதில்லை. தொற்று உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. கிழக்காசிய வகைக் கேக்-ஏ, மேற்கத்திய வகையைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஷிப்-2ஐப் பிடிக்கிறது. முக்கியமான ஓரிடத்தில் மாறியிருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம் அதற்குக் காரணம். ஜப்பான், கொரியா, சீனாவில் நோய் மிகுந்திருப்பதற்கு இது ஒரு விளக்கம். மனிதரின் அழற்சி மரபணுக்கள், உப்பு மிகுந்த உணவு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் தொற்று பரவலாக இருந்தும் நாடு முழுதும் பார்த்தால் இந்தப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் மிசோரத்தில் அதிகம். இந்த வேறுபாடு இன்னும் முழுதாக அவிழவில்லை.

2001இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் பின்னாளில் இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொற்று இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 2020இல் வெளியான கொரிய ஆய்வு, பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தவர்களை எடுத்துக்கொண்டது. கிருமியை ஒழிக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. ஒரு புற்றுநோயின் முதல் காரணத்தையே இரண்டு வார மாத்திரைகளால் நீக்க முடிவது மருத்துவத்தில் அரிது. படிகள் மிகவும் ஏறிவிட்ட பிறகு பலன் குறைவு என்பதால் காலம் முக்கியம்.

உங்கள் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, தம்பி, தங்கையில் யாருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், மருத்துவரிடம் இந்தக் கிருமிக்கான பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும். நீங்களாகக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பல மருந்துகளுக்கு இந்தக் கிருமி ஏற்கெனவே பழகிவிட்டது.